‘இந்த வருஷம் நம்ம டீம் வேற லெவல்!’ - ரசிகரின் நம்பிக்கை வெறும் ஆசையா, கணக்கா? நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் கதை சொல்வது என்ன?

போன சீசனில் கடைசி மூன்று இடங்களுக்குள் விழாமல் தப்பித்ததே பெரிய விஷயம். இந்த சீசன் பாதி முடிந்ததும் பார்த்தால், அதே டீம் பட்டியலில் மூணாவது இடத்தில் நிற்கிறது. ரசிகர் என்ன செய்வார்? முதலில் போனில் பட்டியலை இன்னொரு தடவை ரெஃப்ரெஷ் செய்து பார்ப்பார். அப்புறம் மெதுவாகக் கனவு காண ஆரம்பிப்பார்.

2025 ஜனவரி முதல் வாரத்தில் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரத்து ரசிகர்கள் இந்த நிலையில்தான் இருந்தார்கள். அவர்களுடைய நம்பிக்கை எந்த அளவுக்குச் சரி? ஒரு டீம் உண்மையிலேயே முன்னேறுகிறதா, அல்லது நாலு மேட்ச் அதிர்ஷ்டத்தில் ஓடுகிறதா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? வாங்க, விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்?

1865-ல் தொடங்கப்பட்ட பழைய கிளப். ட்ரென்ட் ஆற்றங்கரையில் இருக்கும் சிட்டி கிரவுண்ட்தான் இவர்களின் சொந்த மைதானம்.

1975-ல் பிரையன் கிளஃப் மேனேஜராக வந்தபோது ஃபாரஸ்ட் இரண்டாம் டிவிஷனில் இருந்தது. 1977-ல் முதல் டிவிஷனுக்கு ஏறியது. ஏறிய முதல் சீசனிலேயே, அதாவது 1977-78-ல், லீக் சாம்பியன். அதோடு நிற்கவில்லை. 1979, 1980 என்று அடுத்தடுத்து இரண்டு வருஷம் ஐரோப்பியக் கோப்பையையும் தூக்கியது. இன்றைய சாம்பியன்ஸ் லீக்கின் பழைய பெயர்தான் ஐரோப்பியக் கோப்பை.

சொந்த நாட்டு லீக்கை ஒரே ஒரு முறை, ஐரோப்பியக் கோப்பையை இரண்டு முறை! இப்படி ஒரு கணக்கு உள்ள கிளப் ஐரோப்பாவில் வேறு எதுவும் கிடையாது. ‘நம்மால் முடியாது’ என்று ஃபாரஸ்ட் ரசிகரிடம் சொன்னால் அவர் எளிதில் ஒத்துக்கொள்ள மாட்டார். நடக்க முடியாத ஒன்று அவர்களுக்கு ஏற்கெனவே ஒரு தடவை நடந்திருக்கிறது.

அப்புறம் என்ன ஆச்சு?

1999-ல் ப்ரீமியர் லீக்கிலிருந்து கீழே இறங்கினார்கள். 2005-ல் மூன்றாம் நிலை லீக்குக்கே போனார்கள். ஐரோப்பியக் கோப்பை ஜெயித்த ஒரு கிளப் தன் நாட்டின் மூன்றாம் நிலைக்கு விழுந்தது அதுதான் முதல் தடவை. மூன்று சீசன் அங்கேயே ஓடியது.

2021 செப்டம்பரில் இரண்டாம் நிலை லீக்கில் முதல் 7 மேட்ச் முடிந்தபோது கையில் இருந்தது ஒரே ஒரு புள்ளி. பட்டியலில் கடைசி இடம். அப்போது ஸ்டீவ் கூப்பர் மேனேஜராக வந்தார். அதே சீசனை நாலாவது இடத்தில் முடித்து, 2022 மே 29-ல் வெம்ப்ளி மைதானத்தில் நடந்த பிளே-ஆஃப் ஃபைனலில் ஹடர்ஸ்ஃபீல்டை 1-0 என்று வென்றார்கள். 23 வருஷத்துக்குப் பிறகு மீண்டும் ப்ரீமியர் லீக்.

அந்த ஒரே கோல், ஹடர்ஸ்ஃபீல்டுக்காக ஆடிய லீவை கோல்வில் தவறுதலாகத் தன் வலைக்குள்ளேயே அடித்தது. இந்தப் பெயரை ஞாபகம் வச்சுக்கோங்க. பிறகு வருவார்.

ப்ரீமியர் லீக்கில் எப்படி ஆடினார்கள்?

ப்ரீமியர் லீக்கில் 20 டீம், ஒவ்வொரு டீமுக்கும் 38 மேட்ச். ஜெயித்தால் 3 புள்ளி, டிரா என்றால் 1. கடைசி மூன்று டீம் கீழ் லீக்குக்கு இறக்கப்படும். ஃபாரஸ்டின் மூன்று சீசன் கணக்கு இதோ:

- 2022-23: 38 புள்ளி, 16-வது இடம்
- 2023-24: 32 புள்ளி, 17-வது இடம்
- 2024-25: 65 புள்ளி, 7-வது இடம்

நடுவில் உள்ள 32-க்கு ஒரு விளக்கம் தேவை. களத்தில் அவர்கள் எடுத்தது 36. கிளப்புகளின் நஷ்டத்துக்கு வரம்பு வைக்கும் நிதி விதிகளை மீறியதால் 4 புள்ளி பறிக்கப்பட்டது. அந்த சீசனின் நடுவில், 2023 டிசம்பரில், கூப்பர் நீக்கப்பட்டு போர்ச்சுகலைச் சேர்ந்த நூனோ எஸ்பிரிட்டோ சாண்டோ மேனேஜர் ஆனார். 17-வது இடம் என்றால் தப்பித்த டீம்களில் கடைசி டீம். மயிரிழை என்பார்களே, அதுதான்.

திருப்பம் எப்போது வந்தது?

2024 செப்டம்பர் 14. லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானம். ஃபாரஸ்ட் 1-0 என்று ஜெயித்தது. 1969-க்குப் பிறகு அந்த மைதானத்தில் அவர்களுக்குக் கிடைத்த முதல் லீக் வெற்றி. அந்த சீசனில் லிவர்பூல்தான் பிறகு சாம்பியன் ஆனது என்பதையும் சேர்த்துப் பார்க்கணும்.

டிசம்பர் 26-ல் டாட்டன்ஹாமை 1-0 என்று வென்று மூணாவது இடம். 2025 ஜனவரி 6-ல் வுல்வ்ஸை 3-0 என்று வென்றது தொடர்ச்சியாக ஆறாவது லீக் வெற்றி. அன்றைக்கு 20 மேட்சில் 40 புள்ளி. இரண்டாவது இடத்தில் இருந்த ஆர்சனலுக்கும் அதே 40 புள்ளிதான்.

கீழே இறங்காமல் தப்பிக்க 40 புள்ளி போதும் என்பது இங்கிலாந்து ரசிகர்களின் பழைய கணக்கு. வழக்கமாக ஏப்ரல், மே என்று அந்த நாற்பதுக்குக் காத்துக் கிடந்த ரசிகர்களுக்கு அது ஜனவரி முதல் வாரத்திலேயே கிடைத்துவிட்டது. இனி பயம் இல்லை. ஆனால் பயம் போன இடத்தில் ஆசை வந்து உட்கார்ந்துவிட்டது!

முன்னேற்றம் நிஜமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நீங்கள் எந்த டீமின் ரசிகராக இருந்தாலும் இந்த ஐந்தையும் பார்க்கலாம்.

1. இடத்தைப் பார்க்காதீங்க, புள்ளியைப் பாருங்க: மற்ற டீம்கள் சொதப்பினாலும் நம்ம இடம் மேலே போகும். அதனால் போன சீசனில் இதே கட்டத்தில் எத்தனை புள்ளி என்று பார்ப்பதுதான் சரியான ஒப்பீடு. 2023-24-ல் 20 மேட்ச் முடிந்தபோது ஃபாரஸ்டிடம் இருந்தது 20 புள்ளி. அடுத்த சீசனில் 40. சரியாக இரண்டு மடங்கு.

2. வாங்கிய கோல் குறைஞ்சிருக்கா? முதல் சீசனில் 68 கோல், அடுத்ததில் 67, அதற்கு அடுத்த 2024-25-ல் 46. அடித்த கோல் 49-லிருந்து 58 ஆனது. 9 மட்டுமே கூடுதல். வாங்கிய கோலோ 21 குறைந்தது. முன்னேற்றம் எங்கிருந்து வந்தது என்பது இதிலேயே தெரிகிறது. ஃபியோரென்டினாவிலிருந்து வந்த நிகோலா மிலென்கோவிச்சும் பிரேசில்காரர் முரில்லோவும் நடுத் தடுப்பில் நின்றார்கள். பின்னால் கோல்கீப்பர் மாட்ஸ் செல்ஸ். 13 மேட்சில் கோலே வாங்காமல், ஆர்சனலின் டேவிட் ராயாவோடு ‘கோல்டன் குளவ்’ விருதைப் பகிர்ந்துகொண்டார். கோல் அடிப்பது சில வாரம் வரும், சில வாரம் வராது. தடுப்பு ஒழுங்காக இருந்தால் அது ஓரளவு நிலையாக நிற்கும்.

3. யாரை ஜெயிச்சாங்க? பலவீனமான டீம்களை மட்டும் வரிசையாகச் சந்தித்தால் எந்தப் பட்டியலும் அழகாகத்தான் தெரியும். ஃபாரஸ்ட் லிவர்பூலை அவர்கள் மைதானத்திலேயே வென்றது. மான்செஸ்டர் சிட்டி, மான்செஸ்டர் யுனைடெட் இரண்டையும் சொந்த மைதானத்தில் 1-0 என்று வென்றது. இது அட்டவணை தந்த அதிர்ஷ்டம் இல்லை.

4. ஒரு மேட்சை வைத்து முடிவு கட்டாதீங்க: 2025 ஜனவரி 25-ல் போர்ன்மவுத்திடம் 0-5 தோல்வி. ‘அவ்வளவுதான், பலூன் வெடிச்சிடுச்சு’ என்று தோன்றியிருக்கும். பிப்ரவரி 1-ல் பிரைட்டனுக்கு எதிராக 7-0 வெற்றி! ஒரே வாரத்தில் இரண்டும். இதில் எது உண்மையான ஃபாரஸ்ட்? இரண்டுமே இல்லை. ஐந்தாறு மேட்ச் சேர்த்துப் பார்த்தால்தான் டீமின் உண்மையான முகம் தெரியும்.

5. யாரை நம்பி வண்டி ஓடுது? இதுதான் ஆசையில் இருக்கும் ரசிகர் கேட்க விரும்பாத கேள்வி. அந்த சீசனில் ஃபாரஸ்ட் அடித்த 58 லீக் கோலில் 20 கோல் நியூசிலாந்துக்காரர் கிறிஸ் வுட் அடித்தது. வயது 33. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஒரே ஆளின் காலிலிருந்தும் தலையிலிருந்தும் வந்தது. அவருக்குக் காயம் பட்டாலோ, களைத்துப் போனாலோ மாற்று யார்?

எக்ஸ்பெக்டட் கோல் என்றால் என்ன?

டிவி ஸ்கிரீன் ஓரத்தில் இப்போது அடிக்கடி வரும் எண் இது. ஒரு ஷாட் அடிக்கப்பட்ட இடம், கோணம் போன்றவற்றை வைத்து, பழைய ஆயிரக்கணக்கான ஷாட்களோடு ஒப்பிட்டு, அது கோலாக எவ்வளவு வாய்ப்பு என்று 0-லிருந்து 1 வரை மதிப்பு கொடுப்பார்கள். ஒரு பெனால்டிக்கு ஏறக்குறைய முக்கால். தூரத்திலிருந்து அடிக்கும் ஷாட்டுக்கு மிகக் குறைவு.

ஒரு டீம் தனக்குக் கிடைக்கும் வாய்ப்பின் மதிப்பைவிட அதிகமாகத் தொடர்ந்து கோல் அடித்தால் இரண்டு காரணம் இருக்கலாம். திறமையான ஸ்டிரைக்கர் அல்லது நல்ல நேரம். நல்ல நேரம் என்றால் அது ஒருநாள் முடியும். வுட் அப்படித்தான், எதிர்பார்ப்பைவிட அதிகமாக அடித்துக்கொண்டிருந்தார். எதிரணியிடம் பந்தை விட்டுக்கொடுத்து, கட்டுக்கோப்பாகப் பின்னால் நின்று, பந்து கிடைத்ததும் எலாங்கா, ஹட்சன்-ஓடாய் போன்றவர்களின் வேகத்தில் பாய்வதுதான் அந்த சீசனில் ஃபாரஸ்டின் பாணியாக இருந்தது. இதில் கிடைக்கும் வாய்ப்புகள் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தையும் கோலாக்கும் ஆள் தடுமாறினால் டீமே தடுமாறும்.

கடைசியில் என்ன நடந்தது?

ஏப்ரலில் கால் தடுமாறியது. ஆஸ்டன் வில்லாவிடம் தோல்வி, எவர்டனிடம் தோல்வி. 1991-க்குப் பிறகு முதல் முறையாக எஃப்.ஏ. கோப்பை அரையிறுதிக்குப் போய், அங்கே மான்செஸ்டர் சிட்டியிடம் 0-2. பிரென்ட்ஃபோர்டிடம் தோல்வி. கிரிஸ்டல் பேலஸ், லெஸ்டர் இரண்டோடும் டிரா.

ஆனாலும் கடைசி நாள் வரை கதவு திறந்தே இருந்தது. அந்த சீசனில் இங்கிலாந்தில் முதல் ஐந்து இடத்துக்கு சாம்பியன்ஸ் லீக் வாய்ப்பு. 2025 மே 25, சிட்டி கிரவுண்டில் செல்சிக்கு எதிரான கடைசி மேட்ச். அதே நாளில் நியூகாசிலும் ஆஸ்டன் வில்லாவும் தங்கள் மேட்சில் தோற்றன. ஃபாரஸ்ட் ஜெயித்திருந்தால் 68 புள்ளியோடு நாலாவது இடம். 45 வருஷத்துக்கு முன் கடைசியாக ஜெயித்த கோப்பைக்கான போட்டியில் மீண்டும் ஒரு இடம்.

முடிவு: செல்சி 1, ஃபாரஸ்ட் 0.

அந்த ஒரே கோலை அடித்தவர் யார் தெரியுமா? லீவை கோல்வில். 2022-ல் வெம்ப்ளியில் தன் தவறால் ஃபாரஸ்டை ப்ரீமியர் லீக்குக்கு அனுப்பிவைத்த அதே ஆள்!

அப்போ ரசிகர்களின் நம்பிக்கை பொய்யா?

இங்கேதான் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கணும். முதல் 20 மேட்சில் 40 புள்ளி, அதாவது மேட்சுக்கு 2. கடைசி 18 மேட்சில் 25 புள்ளி, அதாவது மேட்சுக்கு ஏறக்குறைய 1.4. சரிவுதான், சந்தேகமில்லை.

ஆனால் அதற்கு முந்தைய சீசன் முழுவதும் களத்தில் எடுத்த 36 புள்ளியை 38 மேட்சால் வகுத்தால் 1-க்கும் கீழே வரும். அதாவது, ‘எல்லாம் போச்சு’ என்று ரசிகர்கள் தலையில் கை வைத்த அந்த மோசமான பாதிகூட, போன வருஷத்தைவிட நல்லாவே இருந்தது. வலித்ததற்குக் காரணம் டீம் பழைய நிலைக்குப் போனதல்ல. ஜனவரியில் மனசு போய் உட்கார்ந்த உயரம்.

டீம் முன்னேறியது என்ற நம்பிக்கை சரியாக இருந்தது. அதே வேகத்தில் கடைசி வரை போகும் என்ற எதிர்பார்ப்புதான் பலிக்கவில்லை. இந்த இரண்டும் ஒன்றல்ல.

அடுத்து என்ன ஆனது?

ஏழாவது இடத்துக்கு ஐரோப்பாவின் மூன்றாம் நிலைப் போட்டியான கான்ஃபரன்ஸ் லீக் இடம் கிடைத்தது. ஒரே உரிமையாளர் பல கிளப்புகளில் பங்கு வைப்பது தொடர்பான விதியால் கிரிஸ்டல் பேலஸ் யூரோப்பா லீக்கிலிருந்து கீழே தள்ளப்பட, அந்த இடம் ஃபாரஸ்டுக்கு வந்தது. 1995-96-க்குப் பிறகு முதல் ஐரோப்பியப் போட்டி.

ஆனால் இந்த முன்னேற்றத்தைக் கட்டிய நூனோ, 2025 செப்டம்பரிலேயே பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அடுத்து வந்த ஆஞ்சே போஸ்டகோக்லூ நீடித்தது 39 நாள் மட்டும். ஒரு சீசனின் ஏற்றம் அடுத்த சீசனுக்கு உத்தரவாதம் தராது என்பதற்கு இதைவிட நேரடியான உதாரணம் கிடைக்காது.

ரசிகர் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன?

புள்ளி கூடியிருக்கிறதா, வாங்கிய கோல் குறைந்திருக்கிறதா, பெரிய டீம்களை ஜெயித்திருக்கிறார்களா என்று பாருங்க. மூன்றுக்கும் ‘ஆமாம்’ என்றால் தைரியமாக நம்பலாம். ஒரே ஆளை நம்பி ஓடுகிறது என்றால் அந்த நம்பிக்கையில் கொஞ்சத்தைக் குறைச்சு வைங்க. இன்னொன்று, நல்ல சீசனை அது நடக்கும்போதே அனுபவிச்சிடுங்க. மே மாதம் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஆன்ஃபீல்டில் ஜெயித்த அந்தச் சனிக்கிழமையை எந்தப் பட்டியலும் ஃபாரஸ்ட் ரசிகர்களிடமிருந்து பறிக்க முடியாது.