கைப்பேசியில் தடுமாறாத இணையக் கடை

ரந்தாவ், சிலியாவ், பகாவ் வட்டாரத் தோட்டங்களில் இணையத்தில் பொருள் வாங்குவோருக்குக் கைப்பேசித் திரைதான் கடைவாசல். செம்பனைக் காட்டுக்குள் அலைவரிசை மங்கும் இடங்கள் உண்டு. சிரம்பானில் வைஃபை வசதியோடு கணினியில் அமைத்த கடை, அங்கே திறக்கவே திணறலாம்.

முதல் பாரம் படங்கள். கைப்பேசியில் எடுத்த ஒரு சேலைப் படமே 3, 4 மெகாபைட் வரும். 200 கிலோபைட்டாகச் சுருக்கினாலும் கரை தெளிவாகத் தெரியும். முன்கட்டண அட்டைக்காரருக்கு அந்த வித்தியாசம் காசு.

அதைவிடப் பெரிய முட்டுக்கட்டை முகவரிப் படிவம். 'ஜாலான்' பெயரைக் கட்டாயமாகக் கேட்டால் லயத்து வீட்டுக்காரர் எதை எழுதுவார்? தோட்டத்தின் பெயர், வீட்டு எண், அஞ்சல் குறியீடு ஆகியவற்றோடு படிவம் நகர வேண்டும். பொட்டலத்தைத் தோட்ட அலுவலகத்தில் கொடுக்கலாமா என்று கேட்க ஒரு கட்டமும் தேவை. தொலைபேசி எண் கேட்கும் இடத்தைத் தொட்டால் எண் பலகைதான் வர வேண்டும்.

விலையைக் கேட்டால் 'பிஎம்' செய்யச் சொல்லும் பழக்கம் நம்மவர் கடைகளில் இன்னும் போகவில்லை. அனுப்பும் செலவையும் சேர்த்து முழு விலையைக் காட்டும்படி பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2012இல் வந்த மின்வணிக விதிமுறைகளே கேட்டன.

பணம் செலுத்தும் பக்கத்தில் 'டுயிட்நவ் கியூஆர்' படத்தை மட்டும் வைத்தால், அதே கைப்பேசியில் பார்ப்பவர் எதைக்கொண்டு ஸ்கேன் செய்வார்? படத்தைச் சேமித்து வங்கிச் செயலியில் திறக்கலாம். ஆனால் அந்த வழியைத் தமிழில் ஒரு வரி எழுதி வைக்க வேண்டும். எஃப்பிஎக்ஸ் பொத்தான் இருந்தால் வங்கிப் பக்கம் நேராகத் திறக்கும்.