ராணித்தேனீயும் வன்னி வண்டும்

வரக்காப்பொலப் பக்கத்தில் கலியாணம், தேர்த்திருவிழா என்றால் இப்போது ட்ரோனும் வந்துவிடுகிறது. தவில் கொஞ்சம் ஓய்ந்தால் தலைக்கு மேலே அதன் இரைச்சல் கேட்கும். அந்த இரைச்சலால்தான் அதற்கு அந்தப் பெயர் என்று சொல்பவர்கள் உண்டு. அது பாதி உண்மைதான்.

ஆங்கிலத்தில் ட்ரோன் என்றால் ஆண் தேனீ. ஆயிரம் வருடத்துக்கும் மேற்பட்ட பழைய சொல். ஆண் தேனீக்குக் கொடுக்கு இல்லை, பூவுக்குப் போய்த் தேன் எடுப்பதும் இல்லை. ராணியோடு கூடினால் அத்தோடு செத்துவிடும். கூட்டில் தீனி குறைந்தால் வேலைக்காரத் தேனீக்கள் அதை வெளியே தள்ளிவிடும். அதனால் உழைக்காமல் தின்பவனுக்கும் ஆங்கிலேயர் இந்தப் பெயரையே வைத்தார்கள். ஸ்கொத்லாந்துப் பைக்குழலில் ஒரே சுரத்தை இழுக்கும் குழாய்க்கும் இதே பெயர்தான்.

நம்முடைய நாதசுரக் கச்சேரியில் அந்த வேலையைச் செய்தது ஒத்து. விரல் ஓடவிட வேண்டியதில்லை, ஒரே சுருதிதான். ஆனால் ஆலாபனை முடியும்வரை கன்னம் உப்ப, மூச்சு அறாமல் ஊத வேண்டும். ஒத்து ஊதுபவரைச் சோம்பேறி என்று சொல்ல யாருக்கு நா எழும்? பின்னாளில் சுருதிப்பெட்டி வந்து அவருடைய இடத்தைப் பிடித்துக்கொண்டது.

விமானத்துக்கு இந்தப் பெயர் வந்த கதை வேறு. 1935இல் பிரித்தானியர் வானொலியால் இயக்கும் ஆளில்லா விமானம் ஒன்றைப் பறக்கவிட்டார்கள். பீரங்கிக்காரர்கள் சுட்டுப் பழகுவதற்கான இலக்கு அது. பெயர் 'குயின் பீ', அதாவது ராணித்தேனீ. அதைப் பார்த்துவிட்டுப் போன அமெரிக்கக் கடற்படைத் தளபதி வில்லியம் ஸ்டாண்ட்லி, தங்களுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்றார். அந்தப் பொறுப்பை ஏற்ற கடற்படை அதிகாரி டெல்மர் ஃபார்னி, ராணிக்கு மரியாதையாகத் தங்களுடையதற்கு ஆண் தேனீயின் பெயரை வைத்தார் என்பார்கள். இரைச்சலைவிடக் கடற்படைக்காரர்களின் குறும்புதான் அதில் அதிகம்.

போர் நடந்த வன்னியில் குறும்புக்கு இடமிருக்கவில்லை. இலங்கை விமானப்படை 1990களில் இஸ்ரேலிலிருந்து ஆளில்லா வேவு விமானங்களை வாங்கியது. அவை வானத்தில் வட்டமிட்டபோது, ஃபார்னியைக் கேள்விப்பட்டிராத சனம் வைத்த பெயர் 'வண்டு'. அது காதால் வைத்த பெயர். உயரத்தில் நின்றதைக் கண் தேடிப் பிடிப்பதற்குள் காது அறிந்துவிடும். வண்டு சுற்றினால் பின்னாலேயே கிபிர் போர்விமானமோ ஷெல்லோ வரும். அடுப்பில் உலை கொதித்தாலும் அப்படியே விட்டுவிட்டுப் பங்கருக்குள் இறங்க வேண்டும். வண்டு குண்டு போட்டதில்லை, பார்த்துச் சொன்னது. சனத்துக்கு அந்த வேறுபாடு பெரிதாகப் படவில்லை.

2009 மே மாதத்தில் போர் முடிந்ததும், அந்த இரைச்சலுக்குக் கீழே வளர்ந்து, விடுதலைப் புலிகள் இயக்கத்திலிருந்து சரணடைந்த சிறுவர் சிலர் வரக்காப்பொலைக்கு அடுத்த அம்பேபுஸ்ஸவில் இருந்த புனர்வாழ்வு நிலையத்துக்குக் கொண்டுவரப்பட்டார்கள்.

கலியாண ட்ரோனுக்கும் ஒரு முறை தடை விழுந்தது. 2019 ஏப்ரலில் ஈஸ்டர் ஞாயிறுக் குண்டுவெடிப்புகள் நடந்த சில நாட்களிலேயே, நாடு முழுவதும் எவரும் ட்ரோன் பறக்கவிடக் கூடாது என்று சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபை அறிவித்தது. படக்காரர்கள் பழையபடி மண்டபத்து மாடியில் ஏறி நின்று படம் பிடித்தார்கள்.