விழும் ஒளி, திரும்பும் ஒளி

வெளிச்சத்தை அளக்கப் பழக வேண்டுமா? திருவனந்தபுரம் பழவங்காடிக்கு வாருங்கள். ஒரு பக்கம் வெள்ளையடித்த கிழக்கே கோட்டை வாசல். எதிரே கருங்கல்லில் கணபதி கோவில். நடுவே வெள்ளை முண்டு கட்டிய கறுத்த மனிதர்கள் (அடியேனும் அதில் ஒருவன்). சுள்ளென்று வெயில், பத்தே நிமிடத்தில் மழை. இதில் எதை நம்பி கேமராவில் எக்ஸ்போஷர் வைப்பது? நூறு வருஷத்துக்கும் மேலாகப் புகைப்படக்காரர்களைப் படுத்தும் கேள்வி இது. வங்கியில் கணக்குப் பார்ப்பவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். இதுவும் ஒரு வரவு செலவுக் கணக்குதான்.

திருவிதாங்கூர் அரசின் புகைப்படக்காரராக இருந்தவர் சக்கரியா டிக்ரூஸ். 1900ஐ ஒட்டி அவர் எடுத்த இந்த ஊர்ப் படங்கள், வைஸ்ராய் கர்சனின் சேகரிப்போடு போய் இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அது கண்ணாடித் தகடுகளின் காலம். அந்தத் தகடுகளுக்குச் சிவப்பு தெரியாது. செம்மண் இருண்டு போகும், நீல வானம் வெறும் வெள்ளையாக வெளிறிவிடும். நம் கண் பார்ப்பது ஒன்று, தகடு பார்ப்பது வேறொன்று.

அதற்குச் சற்று முன்புதான், 1890இல், இங்கிலாந்தில் ஹர்ட்டர், டிரிஃபீல்டு என்ற இருவர், தகட்டில் விழும் ஒளிக்கும் அதில் படியும் கருமைக்கும் உள்ள உறவை அளந்து காட்டினார்கள். அதே காலத்தில் ஆல்ஃபிரட் வாட்கின்ஸ் ஒரு சின்ன மீட்டர் செய்தார். அதில் ஒளி பட்டால் கறுக்கும் காகிதத் துண்டு இருக்கும். பக்கத்தில் உள்ள மாதிரி நிறத்துக்கு அது கறுக்க எத்தனை வினாடி ஆகிறது என்று எண்ண வேண்டும். மின்சாரமும் இல்லை, முள்ளும் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் காகிதம் அளந்தது, பொருளின் மேல் வந்து விழும் ஒளியை.

1932இல் அமெரிக்காவின் வெஸ்டன் நிறுவனம் செலினியம் செல் வைத்த மீட்டரைக் கொண்டுவந்தது. முள் சட்டென்று நகரும், எண்ண வேண்டியதில்லை. ஆனால் கேமரா இருக்கும் இடத்திலிருந்து காட்சியை நோக்கி நீட்டும்போது அது அளந்தது, பொருளில் பட்டுத் திரும்பும் ஒளியை. கேமராவுக்குள்ளேயே பிற்பாடு வந்த மீட்டர்களும் இதே சாதிதான்.

சிக்கல் இங்கேதான் ஆரம்பம். அந்த மீட்டருக்கு உலகமே நடுத்தரச் சாம்பல் நிறம். கோட்டைச் சுவரைக் காட்டினால் "அடேயப்பா, வெளிச்சம் ஜாஸ்தி" என்று குறைத்து, சுவரை அழுக்காக்கும். கறுத்த முகத்தை நெருக்கமாகக் காட்டினால் "வெளிச்சம் போதாது" என்று கூட்டி, முகத்தை வெளுக்க வைக்கும். கடற்கரையில் அதே முகம் பளீரென்ற மணலுக்கு முன்னால் நின்றால், மணலைப் பார்த்துக் குறைத்து, முகத்தைக் கரியாக்கிவிடும். நம் ஊர் முகங்களுக்கு இரண்டு பக்கமும் அடி!

டொனால்ட் நார்வுட் என்பவர் 1930களின் இறுதியில் பழைய வழிக்கே திரும்பினார். மீட்டரின் மேல் அரைப்பந்து போல ஒரு வெள்ளை மூடி. அதை முகத்தருகே பிடித்து, கேமராவை நோக்கித் திருப்பி அளக்க வேண்டும். விழும் ஒளி சிவப்பான முகத்துக்கும் கறுப்பான முகத்துக்கும் ஒன்றுதான். அந்த மீட்டர் ஆளைப் பார்க்காது, ஒளியை மட்டும் பார்க்கும்.

இந்த ஊரில் 1959இல் சிவன்ஸ் ஸ்டூடியோவைத் தொடங்கிய சிவன் (ஒளிப்பதிவாளர் சந்தோஷ் சிவனின் தந்தை, 2021இல் மறைந்தார்) "செம்மீன்" படத்துக்கு ஸ்டில்ஸ் எடுத்தவர். வெயில், மணல், கறுத்த மீனவர்கள். மேலே சொன்ன கஷ்டம் அத்தனையும் ஒரே இடத்தில்!

பிறகு டிஜிட்டல் வந்தது. 1990களின் தொடக்கத்தில் லீஃப் நிறுவனம் மீடியம் ஃபார்மட் கேமராவின் முதுகில் மாட்டும் டிஜிட்டல் பேக்கை விற்றது. நாற்பது லட்சம் பிக்சல். வண்ணப் படத்துக்கு மூன்று வடிகட்டிகள் வழியே மூன்று முறை எடுக்க வேண்டும், ஆகவே அசையாத பொருளுக்குத்தான் சரிப்படும். இன்றோ 1957இல் வந்த ஹாசல்பிளாட் 500சி உடலிலேயே, 2019இல் அறிவிக்கப்பட்ட ஐந்து கோடி பிக்சல் பேக்கை மாட்டலாம். வேடிக்கை என்னவென்றால், அந்த 500சி உடலில் மீட்டரே கிடையாது. கைமீட்டருக்கு மறுபடியும் வேலை வந்துவிட்டது.

ஆனால் கணக்கு தலைகீழ். நெகட்டிவ் ஃபிலிம் ஓவர்டிராஃப்ட் கொடுக்கும் வங்கி மாதிரி. வெளிச்சம் கொஞ்சம் கூடினாலும் தாங்கும், அதனால் நிழலைப் பார்த்து அளந்தார்கள். சென்சர் அப்படியில்லை. ஒவ்வொரு பிக்சலும் ஒரு குடம், நிறைந்தபின் விழுவதெல்லாம் வீண். முண்டின் மடிப்பு வெளுத்துவிட்டால் எந்த மென்பொருளும் அதை மீட்காது. எனவே முகத்தருகே விழும் ஒளியை அளந்து, வெள்ளை முண்டு தாங்குகிறதா என்று சோதித்து, தேவைப்பட்டால் கால் ஸ்டாப், அரை ஸ்டாப் குறைக்க வேண்டும். பின்திரை ஹிஸ்டோகிராமைக் கண்மூடி நம்பக்கூடாது. பெரும்பாலும் அது காட்டுவது பதப்படுத்திய படத்தின் கணக்கு, மூலக் கோப்பின் கணக்கு அல்ல. மீட்டரில் வைக்கும் ஐஎஸ்ஓ எண்ணும் பேக்கின் எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று ஒருமுறை படமெடுத்துச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. வங்கியில் இதற்கு ரீகன்சிலியேஷன் என்று பெயர்.

கல்யாண ஆல்பங்களில் மாப்பிள்ளை, பெண் இருவரையும் மாவு பூசியது போல வெளுக்க வைப்பதை நாம் அழகென்று பழகிவிட்டோம். முகத்தின் நிறத்தை மாற்றாமலே முகத்தைத் துலக்கமாகக் காட்டலாம். அதற்கான கருவி எண்பது வருஷத்துக்கு முன்பே வந்துவிட்டது.