கழல மறுக்கும் கைப்பிடி

சைக்கிள் கைப்பிடியில் மாட்டியிருக்கும் ரப்பர் உறையை நீங்கள் எப்போதாவது கழற்ற முயன்றதுண்டா? இழுக்க இழுக்க அது இறுகிக்கொள்ளும். பொறுமை இழந்தவர்கள் பிளேடால் அறுத்து எறிந்துவிடுவார்கள். புதிய உறையை மாட்டும்போதும் இதே தொல்லைதான்.

நான் ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது அப்பாவின் சைக்கிளுக்குப் புது உறை மாட்டினேன். உள்ளே போக மறுத்ததால் தேங்காய் எண்ணெய் தடவினேன். வழுக்கிக்கொண்டு போயிற்று. மறுநாள் பாலத்து இறக்கத்தில், குறுக்கே வந்த ஆட்டுக்காக அப்பா சட்டென்று திருப்பியபோது, வலப்பக்க உறை மட்டும் அவர் கையோடு வந்துவிட்டது. மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் கட்டு. அப்பா திட்டவில்லை. "என்னடா தடவினே?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியின் முழுப்பொருள் எனக்கு விளங்கியது கல்லூரியில் இயற்பியல் படித்த பின்புதான். அதை விளக்குமுன் கைப்பிடியின் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

1817-ஆம் ஆண்டு ஜெர்மனியில் மான்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் என்பவர் இரு சக்கர வண்டி ஒன்றை ஓட்டிக் காட்டினார். மிதிகட்டை இல்லாத அந்த வண்டியைக் காலால் தரையை உந்தித்தான் செலுத்த வேண்டும். பின்னர் மிதிகட்டையும், இரும்புச் சட்டமும், முன்னால் பெரிய சக்கரமும் வந்தன. 1885-இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி, இன்றைய சைக்கிளின் முன்னோடியான 'ரோவர்' வண்டியை உருவாக்கினார். அக்காலத்துக் கைப்பிடிகளுக்கு மரம், மாட்டுக்கொம்பு, தக்கை முதலியவை பயன்பட்டன.

தக்கைக்கு ஒரு தனிக்குணம் உண்டு. ஒரு பொருளை நீளவாக்கில் இழுத்தால் அது குறுக்கே மெலியும், அமுக்கினால் பருக்கும். இம்மாற்றங்களின் விகிதத்தைப் பிரெஞ்சு அறிஞர் பாய்சான் பெயரால் 'பாய்சான் விகிதம்' என்கிறோம். தக்கைக்கு இது ஏறத்தாழ சுழி. அதனால்தான் தக்கை பருக்காமல் புட்டியின் வாய்க்குள் நுழைகிறது. ரப்பருக்கோ இது ஏறத்தாழ 0.5. ரப்பர் உறையை இழுத்தால் அது மெலிந்து குழாயை இறுக்குகிறது. நீங்கள் எவ்வளவு வலுவாக இழுக்கிறீர்களோ அவ்வளவு வலுவாக அது பற்றிக்கொள்கிறது!

ரப்பர் தொழிலுக்குள் வந்த கதையும் சுவையானதே. 1823-இல் சார்லஸ் மாக்கின்டாஷ், ரப்பரை நாப்தாவில் கரைத்துத் துணியில் பூசி மழைக்கோட்டு செய்தார். ஆனால் அது வெயிலில் பிசுபிசுத்தது, குளிரில் விறைத்தது. 1839-இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், கந்தகம் கலந்த ரப்பரைச் சூடாக்கினால் இக்குறை நீங்குவதைக் கண்டார். கந்தகம் ரப்பரின் நீண்ட மூலக்கூறுகளுக்கிடையே பாலம் போட்டு அவற்றைப் பிணைக்கிறது. இம்முறைக்கு இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக்கும், அமெரிக்காவில் குட்இயரும் காப்புரிமை பெற்றனர். குட்இயர் 1860-இல் கடனாளியாகவே இறந்தார்.

1876-இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். அங்கு முளைத்த கன்றுகள் இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் சென்றன. மலாயாவில் பெருந்தோட்டங்கள் எழுந்தன. அங்கே விடியுமுன் எழுந்து பால்வெட்டியவர்களில் பெரும்பாலோர் நம் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறியவர்கள். உலகின் சைக்கிள்களுக்குப் போன ரப்பரில் அவர்கள் வியர்வையும் உண்டு.

1926-இல் அமெரிக்காவில் வால்டோ சீமன் என்னும் வேதியியலார், ரப்பரை உலோகத்தோடு ஒட்டவைக்கும் பசை ஒன்றைத் தேடினார். பசை கிடைக்கவில்லை, பி.வி.சி.யை மென்மையாக்கும் வழி கிடைத்தது! இன்று மலிவு விலைக் கைப்பிடி உறைகள் பல இந்தப் பி.வி.சி.யால் ஆனவையே. ஆண்டுகள் செல்லச் செல்ல மென்மையூட்டும் பொருள் கசிந்து வெளியேறுவதால் அவை விறைத்து வெடிக்கின்றன.

சரி, உறை குழாயைப் பற்றுவது எப்படி? உராய்வு அழுத்து விசையைப் பொறுத்தது, தொடும் பரப்பைப் பொறுத்ததன்று என்று 1699-இல் அமோந்தோன் கூறியதைப் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். மென்மையான ரப்பர் இவ்விதிக்கு அப்படியே கட்டுப்படுவதில்லை. அது உலோகத்தின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் இறங்கிப் படிந்துகொள்கிறது. 1971-இல் ஷல்லமாக் மற்றொன்றைக் காட்டினார். வழுவழுப்பான பரப்பின்மீது மென்மையான ரப்பர் சில வேளைகளில் முழுதாக வழுக்குவதில்லை. விரித்த பாயில் ஒரு மடிப்பைத் தள்ளிச் செல்வதுபோல, சிறு அலைகளாகப் பிரிந்தும் ஒட்டியும் நகர்கிறது.

ஆகவே, உறையைக் கழற்ற வேண்டுமானால் அந்த ஒட்டுதலைப் பிரிக்க வேண்டும். பழைய ஆரக்கம்பி ஒன்றின் முனையை அரத்தால் உருட்டி மழுக்கிக்கொள்ளுங்கள். உறையின் உட்பக்க விளிம்பில் அதை மெல்ல நுழைத்துச் சில துளி சோப்பு நீர் அல்லது மருந்துக்கடை ஸ்பிரிட் விடுங்கள். (ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றும், அருகில் நெருப்பு கூடாது.) கம்பியைச் சுற்றிலும் நகர்த்திய பின், உறையை முறுக்கிச் சுழற்றுங்கள். பிறகு வெளி முனையைப் பிடித்து இழுக்காமல், உள் விளிம்பிலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள். தள்ளினால் உறை பருக்கும், பிடி தளரும். விறைத்த பி.வி.சி. உறையானால் முதலில் வெந்நீர்த் துணியைச் சுற்றி இளக்கிக்கொள்ளுங்கள்.

மாட்டும்போது குழாயைத் துடைத்து, ஸ்பிரிட் தடவி, உறையின் கடைமுனையிலிருந்து தள்ளுங்கள். ஸ்பிரிட் ஆவியானதும் ரப்பர் மீண்டும் உலோகத்தில் படிந்துவிடும். நன்றாகக் காய்ந்து, கையால் முறுக்கியும் நகரவில்லை என்று சோதித்த பிறகே வண்டியை எடுங்கள்.

எண்ணெய், கிரீஸ், மண்ணெண்ணெய் ஆகியவை வேண்டவே வேண்டாம். எண்ணெய் ஆவியாகாது. இரு பரப்புகளுக்கும் நடுவே தங்கி வழுக்கும். ரப்பருக்குள் ஊறி அதை உப்பவும் செய்யும். மாக்கின்டாஷின் நாப்தாவை நினைத்துப் பாருங்கள்.

அப்பா கேட்ட கேள்விக்கு விடை இதுதான். எளிதில் நுழைய உதவுவது போதாது. நுழைந்த பின் அது விலகிச் செல்லவும் வேண்டும். நான் தடவியது விலகிச் செல்லவில்லை.