தகடூர் நாட்டுத் தலமும் தீர்த்தமும்

மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றனையும் ஒருங்கு வைத்து எண்ணுவது சைவ மரபு. மலையினின்று வீழும் நீரையும், அதன் கரையில் எழுந்த திருக்கோயிலையும் வெவ்வேறு பொருளாக அம்மரபு கொள்வதில்லை. இக்காலத்தே நாடு காணப் புறப்படுவோர் பலர் இவற்றைப் பிரித்து, கோயிலைக் கலைக்காட்சியாகவும் அருவியை விளையாட்டிடமாகவும் கொண்டு மீளுகின்றனர். இப்பிரிவினால் நேரும் இழப்பைத் தகடூர் நாட்டிற்போலத் தெளிவாக அறியத்தக்க இடம் தமிழகத்தில் அரிது.

தகடூர் என்பது இன்றைய தருமபுரி. அதற்கு வடமேற்கே உள்ளது பாலக்கோடு. இவ்வூர்ப் பக்கத்தில் ஓடும் சின்னாறு மேற்கே சென்று ஒகேனக்கல் அருகில் காவிரியில் கலக்கின்றது. கிழக்கே தென்பெண்ணை தனிவழியே கடல் நோக்கிச் செல்கின்றது. இவ்விரு பேராறுகளுக்கு இடைப்பட்ட மேட்டுநிலமே பண்டை அதியர் ஆண்ட நாடு. மைசூர் மேட்டுக்கும் தமிழகத்துத் தாழ்நிலத்துக்கும் இடையே படியாக அமைந்தமையால், படைகளெல்லாம் இவ்வழியே இறங்கின, ஏறின. சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை எறிந்தான். அவனை அரிசில் கிழார் பாடியது பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்து. அப்போரினைப் பொருளாகக் கொண்ட நூலுக்குத் 'தகடூர் யாத்திரை' என்று பெயர். யாத்திரை என்பது ஈண்டுத் திருத்தலப் பயணம் அன்று, படைச்செலவேயாம். அந்நூல் முழுவதும் கிடைத்திலது. புறத்திரட்டிலும் உரைகளிலும் சில செய்யுட்களே எஞ்சின.

ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த நெடுமான் அஞ்சி புலவர் கற்பனையோ என ஐயுறுவார்க்கு விடை 1981-ஆம் ஆண்டில் கிடைத்தது. திருக்கோவலூரை அடுத்த சம்பையில், குகையொன்றில் காணப்பட்ட பழந்தமிழ் எழுத்து அவன் பெயரைக் கூறுவதோடு, அவனைச் சதியபுதோ என்றும் சுட்டுகின்றது. அசோகன் கல்வெட்டுக்களில் சோழர் பாண்டியரோடு வைத்து எண்ணப்பட்ட சதியபுத்திரர் யாவர் என்னும் நெடுநாள் வினாவும் அதனாலே தீர்ந்தது.

இனி, இந்நாட்டில் தேவாரப் பதிகம் பெற்ற தலம் ஒன்றேனும் இல்லை. கொங்கேழ் தலங்களும் இதற்குத் தெற்கிலும் மேற்கிலும் நின்றொழிந்தன. இதனாற் போலும், தலயாத்திரை செய்யும் சைவ அன்பர் பலர் இப்பக்கம் திரும்பிப் பாராது செல்லுகின்றனர். பதிகம் இல்லை என்பதனால் வழிபாடும் இல்லை என்று முடிவு கட்டுதல் வரலாற்றுக்கு ஒவ்வாது. தொறு மீட்டுப் பட்ட வீரர்க்குப் பல்லவர் கால முதலாக ஊர்தோறும் நடப்பட்ட நடுகற்கள் இந்நாட்டில் ஏராளம். எல்லைநாட்டு மக்கள் எதனைக் காத்தனர், எதற்கு உயிர் கொடுத்தனர் என்பதை அவையே அறிவிக்கின்றன. அவற்றுட் பல தருமபுரி அகழ்வைப்பகத்தில் சேர்த்து வைக்கப்பட்டுள்ளன. அருவி காணச் செல்வோருள் அங்கே நுழைவோர் சிலரே.

கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் தகடூர் நுளம்பர் வசமாயிற்று. ஏமாவதியில் அழகிய சிவாலயங்கள் எடுத்த மரபினர் இவர். தருமபுரிக் கோட்டையில் உள்ள மல்லிகார்ச்சுனர் கோயிலும் காமாட்சியம்மன் சந்நிதியும் இவர்தம் கலைமரபைச் சார்ந்தன என அறிஞர் கருதுவர். அங்கே செல்வோர் எல்லாரும் முதலில் வினவுவது 'தொங்கு தூண் எங்கே' என்பதே. தரையில் முற்றும் படியாத அத்தூணின் அடியில் துணியையோ தாளையோ ஒருபுறம் செலுத்தி மறுபுறம் இழுத்து வியந்து திரும்புகின்றனர். மேற்சுமையைப் பிற தூண்களும் உத்தரங்களும் தாங்குகையில் ஒரு தூண் தரையைத் தொடாது நிற்றல் சிற்பியின் கைத்திறனே. ஆயினும் அது அவன் விளையாட்டு. அவன் தவம் கிடப்பது அம்மன் சந்நிதியின் அடித்தளத்தில். அங்கே இராமகாதை சிறுசிறு புடைப்புச் சிற்பங்களாக வரிசையுற ஓடுகின்றது. குனிந்து பார்த்தாலன்றி அது கண்ணிற் படாது.

இதே ஊரில் சக ஆண்டு 815-இல், அஃதாவது கி.பி. 893-இல், எழுந்த மகேந்திர நுளம்பன் காலக் கல்வெட்டு ஒன்று உண்டு. நிதியண்ணன், சண்டியண்ணன் என்னும் வணிகர் இருவர் தகடூரில் சமணப் பள்ளி எடுத்ததையும், அரசன்பாற் பெற்ற ஊரை நிதியண்ணன் அதற்கு அளித்ததையும் அது கூறுகின்றது. அக்கொடையை ஏற்ற சமண முனிவர் கனகசேன சித்தாந்த படாரர். சித்தாந்தம் என்னும் சொல்லை நம்மவர்க்கே உரியதாகக் கருதும் அன்பர்க்கு இப்பெயர் சிறிது வியப்பளிக்கலாம். சிவாலயம் எடுத்த மரபில் வந்த அரசன் ஆட்சியிலேயே சமணப் பள்ளிக்கும் ஊர் கிடைத்தது என்பதனை மறைக்காது உரைப்பதே நேர்மை.

பின்னர்ச் சோழர் வந்தனர். முதலாம் இராசராசன் வென்ற நாடுகளுள் நுளம்பபாடியும் ஒன்று. திருவையாற்றுக் கோயிலில் உள்ள நுளம்பர் பாணித் தூண்கள் சோழர் வெற்றியோடு அங்குச் சென்றவை எனக் கருதப்படுகின்றன. ஐயாறப்பரை வலம் வருவோர், தம்மை அறியாமலே இவ்வடநாட்டுச் சிற்பிகளின் கைவேலையைக் கண்டு செல்லுகின்றனர். சோழர்க்குப்பின் போசளர், விசயநகரத்தார், மைசூரார் எனப் பலரும் ஆண்டு, பாரமகால் என வழங்கிய இப்பகுதி 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. அதியமான் கோட்டைச் சென்னராயப் பெருமாள் கோயில் விதானத்து ஓவியங்கள் இவ்விடைக்காலத்தின் எச்சம். அவ்வூர்க் காலபைரவர் கோயிலில் தேய்பிறை அட்டமிதோறும் சாம்பற்பூசணியில் விளக்கேற்றுவோர் திரள்கின்றனர்.

அரசர் இவ்வாறு மாறிமாறி வர, மாறாது நின்றது எது என வினவின், அரூர் வட்டத்துத் தீர்த்தமலைக்குச் செல்லல் வேண்டும். மலையடியில் ஒரு கோயில், மேலே ஒரு கோயில். இறைவன் தீர்த்தகிரீசுவரர், இறைவி வடிவாம்பிகை. மலைமேற் பாறையுச்சியினின்று வீழும் இராமர் தீர்த்தத்தோடு குமாரர், அகத்தியர், அக்கினி, கௌரி என்னும் பெயர்களால் வேறு சுனைகளும் உள. இராவணனை வதைத்து மீண்ட இராமபிரான் பூசைக்கு நீர் கொணரச் சென்ற அனுமன் காலந்தாழ்த்தனன் என்றும், அதனால் அம்பெய்து பாறையில் நீர் வருவித்தனர் என்றும், அனுமன் எறிந்த நீர்க்கலம் வீழ்ந்த இடமே பெண்ணைக்கரை அனுமன் தீர்த்தம் என்றும் தலபுராணம் கூறும். புராணத்தை வரலாறாகக் கொள்ளல் வேண்டா. அதன்கண் ஒரு வரலாற்றுண்மை மட்டும் பொதிந்துளது: இத்தலத்தின் பெயரும் இறைவன் திருநாமமும் நீரினின்றே பிறந்தன. பாறைநாட்டு மக்கட்கு, வெயிலிலும் வற்றாது பாறையைப் பிளந்து வரும் நீரே கண்கண்ட அருள். மண்டபமும் கல்வெட்டும் அதற்குப் பின் வந்தவை. அருணகிரிநாதர் திருப்புகழில் இத்தலத்துக்கும் இடம் தந்தார். சைவ எல்லப்ப நாவலர் தீர்த்தகிரிப் புராணம் பாடினார். தேவாரம் விடுத்த குறையை இவ்விருவரும் ஒருவாறு நிரப்பினர் எனலாம்.

ஒகேனக்கலும் இத்தகையதே. கன்னடத்தில் 'ஹொகெ' புகை, 'கல்' பாறை. வீழும் காவிரியினின்று எழும் திவலை புகைபோலத் தோன்றலால் பெற்ற பெயர் அது. பரிசலும் மீனும் பற்றிப் பேசுவோர் பலர். அங்குத் தேசநாதேசுவரர் கோயில் உண்டென அறிந்தோர் சிலர். ஆடிப்பதினெட்டில் மட்டும் நிலை மாறுகின்றது. பாலக்கோடு, பென்னாகரம் முதலிய ஊர்களினின்று வரும் உழவர் குடும்பத்தார் முதலில் ஆற்றில் மூழ்குகின்றனர். பின் ஈரத்துணியோடே சந்நிதிக்குச் செல்லுகின்றனர். அவர்களுள் எவரும் நீராடியது வேறு, வழிபட்டது வேறு என்று கூறுவதில்லை.