பட்டமளிப்பு நினைவேடு: எஞ்சியவற்றை எப்படிச் சேர்ப்பது?

பட்டமளிப்பு விழா முடிந்ததும், கறுப்பு அங்கி அணிந்த படத்தைப் பெரிதாக்கிச் சட்டமிட்டு முன் விறாந்தையில் மாட்டுவது எங்கள் வீடுகளின் வழமை. அந்தப் படம் முடிவை மட்டுமே காட்டும். 2009இல் ஒன்பது வயதில் மாத்தளனிலிருந்து வெளியேறிய பிள்ளை எப்படிப் பட்டதாரியானது என்பதை அது சொல்லாது. அதற்குத்தான் நினைவேடு. சில குடும்பங்களுக்கு இதைச் செய்ய உதவியிருக்கிறேன். சிறுவயதுப் படம் ஒன்றுகூட இல்லையே என்பதுதான் அவர்கள் முதலில் சொல்வது. படங்கள் குறைவாக இருந்தாலும் நல்ல நினைவேடு செய்யலாம்.

எதைச் சேர்ப்பது?

முதற் பக்கத்தில் பெயர், பட்டம், பல்கலைக்கழகம், விழா நடந்த திகதி, அங்கியுடனான படம். அடுத்த பக்கத்தில் கையால் வரைந்த ஒரு வரைபடம். கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, செட்டிகுளம் முகாம் என்று இடம்பெயர்ந்த வழியைக் கோடாக இழுத்து, எந்த இடத்தில் எந்த வகுப்புப் படித்தார் என்பதை அருகில் எழுதுங்கள். மரத்தடியிலும் கொட்டிலிலும் நடந்த வகுப்புகளையும் விடவேண்டாம். அவற்றுக்குப் பெரும்பாலும் வேறு பதிவே இருக்காது.

மூன்றாவது, ஆவணங்கள். பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்திலும், தொலைந்த க.பொ.த. பெறுபேற்றுக்குரிய சான்றிதழைப் பரீட்சைத் திணைக்களத்திலும் விண்ணப்பித்துப் பெறலாம். முகாம் அட்டை, பஸ் சீசன் ரிக்கற், பரீட்சை அனுமதி அட்டை போன்றவற்றையும் தேடுங்கள். மூலச் சான்றிதழ் எதையும் ஒட்டக்கூடாது. போட்டோப் பிரதியே போதும்.

நான்காவது, துணை நின்றவர்கள். காசு வாங்காமல் படிப்பித்த ஆசிரியர், சைக்கிள் இரவல் தந்த அயலவர், மாதாமாதம் பணம் அனுப்பிய மாமி. ஒவ்வொருவரையும் தங்கள் கையெழுத்தில் நான்கு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத முடியாத அம்மம்மா சொல்வதைத் தொலைபேசியில் பதிவுசெய்து, அவருடைய பேச்சு மாறாமல் எழுதுங்கள்.

இல்லாதவரின் பக்கம்

கடினமான பக்கம் இது. அப்பா காணாமல் ஆக்கப்பட்டவர் என்றால், அவருடைய படத்துக்கு மாலையோ 'அமரர்' என்ற சொல்லோ இடுவதற்கு முன் அம்மாவிடம் கேளுங்கள். மரணச் சான்றிதழை வாங்க மறுத்து இன்னும் தேடிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் பல. 'இருந்தார்' என்று எழுதுவதா 'இருக்கிறார்' என்று எழுதுவதா என்பதை வீட்டார்தான் தீர்மானிக்க வேண்டும்.

ஸ்ரூடியோக்களில் அப்பாவின் பழைய படத்தைப் பட்டமளிப்புப் படத்தோடு இணைத்துத் தருகிறார்கள். ஆசைப்பட்டால் செய்யலாம், தவறில்லை. ஆனால், அது இணைக்கப்பட்ட படம் என்று பின்பக்கத்தில் எழுதி, மூலப்படத்தையும் அருகில் வையுங்கள். இருபது வருடத்துக்குப் பிறகு பார்க்கும் பேரப்பிள்ளைக்கு எது எந்த ஆண்டில் எடுத்தது என்பது தெரிய வேண்டும். படமே இல்லையென்றால் அவருடைய கையெழுத்து, தொழில், அவர் வாங்கித் தந்த பொருள் பற்றிய ஒரு குறிப்பு போதும்.

பழுதாகாமல் வைப்பது

வெள்ளை பிறிஸ்டல் போர்ட் நல்லது. ஈரம் பட்டால் நிறக் கடதாசியின் சாயம் படத்தில் இறங்கும். அமிலமற்ற கடதாசி கிடைத்தால் இன்னும் நல்லது. கம், செலோ டேப் வேண்டாம். படத்தின் நான்கு மூலைகளையும் செருகும் கடதாசி மூலைகளை வெட்டி ஒட்டினால் படத்தை எப்போதும் கழற்றி எடுக்கலாம். ஒட்டும் பக்கங்களுள்ள அல்பங்களில் காலப்போக்கில் படம் பிடித்துக்கொள்ளும். பத்திரிகைத் துண்டு மஞ்சளாகும், பற்றுச்சீட்டின் எழுத்து மங்கும். இரண்டையும் பிரதி எடுத்தே சேருங்கள். பழைய படத்தை லமினேற் செய்யவேண்டாம், பிறகு பிரிக்க முடியாது. பின்பக்கத்தில் குமிழ்முனைப் பேனையால் எழுதாமல், மென்மையான பென்சிலால் ஓரத்தில் மெதுவாகப் பெயரும் ஆண்டும் எழுதுங்கள். மாரி காலத்தில் வெளிச்சுவரோடு ஒட்டிய அலுமாரியில் வைக்கக்கூடாது.

ஒட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் ஸ்கான் செய்யுங்கள். சாதாரண படத்துக்கு 300 டிபிஐ, அடையாள அட்டை அளவுப் படத்துக்கு 600 டிபிஐ. ஒரு பிரதி வீட்டில், ஒன்று பென் டிரைவில், இன்னொன்று வேறு ஊரிலோ வெளிநாட்டிலோ உள்ள உறவினரிடம் இருக்கட்டும். 1981இல் யாழ். பொது நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் சேர்ந்தே போயின. முகாமிலோ பதுங்குகுழியிலோ மற்றவர்களோடு எடுத்த படங்களை முகநூலில் இடுவதற்கு முன் அதில் உள்ளவர்களின் சம்மதத்தைக் கேளுங்கள்.

கடைசி இரண்டு பக்கங்களை வெறுமையாக விடுங்கள். தொலைந்ததாக நினைத்த படம் ஒன்று எங்கோ ஓர் உறவினர் வீட்டு அல்பத்திலிருந்து வந்து சேரலாம்.