பிரேக் வேலையும் பேட்டரி வேலையும்

மதுரையில் மோட்டார் வண்டிகள் ஓடத் தொடங்கிய காலம் முதல் சென்ற நூற்றாண்டின் இறுதி வரையில், வண்டியை நிறுத்துகிற சாதனங்களைப் பழுது பார்ப்பவரும் அதன் மின்சாரக் கம்பிகளைப் பழுது பார்ப்பவரும் வேறு வேறு மனிதர்களாகவே இருந்து வந்தார்கள். முன்னவர் பிரேக் மெக்கானிக். பின்னவரைப் பட்டறைகளில் ‘பேட்டரிக்காரர்’ என்று அழைப்பது வழக்கம். ஒருவர் பிரேக் ஆயிலும் கிரீஸும் படிந்த கையோடு வண்டியின் அடியில் படுத்திருப்பார். மற்றவர் பேட்டரித் திராவகம் தெறித்துப் பொத்தல் விழுந்த சட்டையோடு எஞ்சின்மேல் குனிந்திருப்பார். ஒருவர் வேலையில் மற்றவர் கை வைப்பது மரியாதைக் குறைவாகக் கருதப்பட்டது. இன்று வண்டியூர்ப் பக்கம் ஒரு காரின் பிரேக் எச்சரிக்கை விளக்கு எரிகிறது என்று கொண்டுபோய் நிறுத்தினால், அந்த இரண்டு தொழிலும் தெரிந்த ஒருவரால்தான் அதற்குப் பரிகாரம் காண முடிகிறது. தனித்தனியே வளர்ந்த இரண்டு வித்தைகள் ஒரே மனிதரிடம் வந்து சேர்ந்த வரலாறு மதுரையின் தொழில் வரலாற்றில் ஒரு முக்கியமான அத்தியாயம் என்பது என் அபிப்பிராயம்.

திருக்குறுங்குடியில் பிறந்த டி. வி. சுந்தரம் ஐயங்கார், வக்கீல் தொழிலையும் ரயில்வே உத்தியோகத்தையும் வங்கி வேலையையும் ஒன்றன்பின் ஒன்றாக விட்டுவிட்டு, 1911-இல் மதுரையில் தம் ஸ்தாபனத்தைத் தொடங்கி, மறு வருஷமே தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் ஓட்டுவித்தார் என்பது பலரும் அறிந்தது. பஸ் ஓட்டுவது ஒரு காரியம். அன்றன்றைக்குத் தவறாமல் ஓட்டுவது வேறொரு காரியம். உதிரிப் பாகம் ஒன்று கெட்டால் கப்பலில் வர வேண்டிய அந்நாளில், வண்டி நின்றுபோகாமல் காப்பதற்குப் பட்டறையும் பட்டறைக்குக் கைதேர்ந்த தொழிலாளிகளும் இன்றியமையாதவர்கள் ஆனார்கள். இரண்டாம் உலக யுத்தத்தின்போது பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, அடுப்புக்கரியிலிருந்து வாயு எடுத்து வண்டியை ஓட்டும் கருவியை இந்த ஸ்தாபனம் தானே தயாரித்தது என்பதிலிருந்து, மதுரைப் பட்டறைகளின் சாமர்த்தியம் எவ்வளவு தூரம் முதிர்ந்திருந்தது என்பதை ஊகிக்கலாம்.

அக்காலத்துப் பிரேக் மெக்கானிக்குக் கருவி என்று சொல்லத் தக்கவை அவருடைய காலும் காதும் கையுந்தான். பெடலை ஒருமுறை மிதித்துப் பார்த்து, அது இறுகி நிற்கிறதா, அடிவரை போகிறதா, அல்லது இரண்டாம் மிதியில் மேலே எழுகிறதா என்பதைக் கொண்டே, லைனிங் தேய்ந்திருக்கிறதா, மாஸ்டர் சிலிண்டரில் வாஷர் போய்விட்டதா, குழாய்க்குள் காற்று நுழைந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார். பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது என்றால் அதற்கு எதிர்ப்பக்கத்து டிரம்மைக் கழற்றுவார். மாசி வீதிகளில் சித்திரைத் தேர் திரும்பும்போது, எந்தச் சக்கரத்தின் அடியில் எந்தக் கணத்தில் முட்டுக்கட்டையைச் செருக வேண்டும் என்று உருளும் ஓசையைக் கொண்டே நிதானிக்கிறவர்களை இந்த ஊர் தலைமுறை தலைமுறையாகப் பார்த்திருக்கிறது. நிறுத்துவது ஓட்டுவதைக் காட்டிலும் நுட்பமான வித்தை என்பது மதுரைக்குப் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதன்று.

பேட்டரிக்காரருடைய வித்தை வேறு ஜாதியைச் சேர்ந்தது. அவர் தேடும் பழுது கண்ணுக்குத் தெரியாது, காதுக்குக் கேளாது. டைனமோ, செல்ப் மோட்டார், ஹாரன், விளக்கு இவ்வளவே அவருடைய ராஜ்யம். ஆயினும் அந்தச் சிறிய ராஜ்யத்துக்குள் ‘லூஸ் காண்டாக்ட்’ என்ற ஒரு குறை எந்த மூலையில் ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்கு அபாரமான பொறுமை வேண்டியிருந்தது. இரண்டு ஒயர் கோத்த ஒரு சிறு பல்பு, அதாவது டெஸ்ட் லாம்ப், அவருடைய பிரதான சாதனம். அதுவும் கைக்கு அகப்படாதபோது, ஒயரின் நுனியைச் சேஸிஸ் இரும்பில் ஒரு தட்டுத் தட்டிப் பொறி பறக்கிறதா என்று பார்ப்பார். பொறி பறந்தால் மின்சாரம் வருகிறது என்று அர்த்தம். இந்தப் பழக்கம் பின்னாளில் எத்தனை வண்டிகளின் மின்னணு மூளையைச் சுட்டெரித்தது என்பது தனிக் கதை.

சுந்தரம் ஐயங்கார் 1955-இல் காலமானார். அதன் பின் அவருடைய வழித்தோன்றல்கள் ஆங்கிலக் கம்பெனிகளோடு கூட்டுச் சேர்ந்து, மோட்டாரின் மின்சார உறுப்புகளைச் செய்வதற்காக 1961-இல் லூகாஸ்-டிவிஎஸ் கம்பெனியையும், பிரேக் உறுப்புகளைச் செய்வதற்காக 1962-இல் பிரேக்ஸ் இந்தியாவையும், கனரக வண்டிகளின் காற்றுப் பிரேக்குக்காக அதே ஆண்டில் சுந்தரம்-கிளேட்டனையும் தொடங்கினார்கள். மூன்றும் சென்னையை அடுத்த பாடியில் எழும்பின. மதுரையில் விளைந்த அனுபவம் அங்கே தொழிற்சாலையாக உருவெடுத்தபோதும், பிரேக் வேறு, மின்சாரம் வேறு என்ற பழைய பாகுபாடு மாறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அந்தப் பாகுபாடு மறையும் என்பதற்கு அறிகுறி வெளிநாட்டில் தோன்றியது. விமானம் தரையிறங்கும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காதிருப்பதற்காக டன்லப் கம்பெனியார் செய்த மாக்ஸரெட் என்னும் யந்திரம், 1966-இல் ஜென்ஸன் எஃப்எஃப் என்ற ஆங்கிலக் காரில் பொருத்தப்பட்டது. ஆனால் அதில் மின்னணு எதுவும் கிடையாது. 1978-இல் பாஷ் கம்பெனி மெர்ஸிடிஸ் காருக்கு ஏபிஎஸ் அமைப்பைச் செய்து கொடுத்தபோதுதான், சக்கரத்தின் வேகத்தை மின்துடிப்பாக எண்ணி, அது பூட்டிக்கொள்ளப் போகும் தறுவாயில் வால்வை மூடியும் திறந்தும் அழுத்தத்தைச் சீராக்கும் பொறுப்பு மின்னணுப் பெட்டியிடம் வந்தது. பிறகு, ஆபத்து நேரத்தில் ஓட்டுநர்களில் பெரும்பாலோர் பெடலை வேகமாக மிதிக்கிறார்களே தவிரப் போதிய பலத்தோடு மிதிப்பதில்லை என்பது பரீட்சைகளில் தெரியவரவே, கால் இறங்கும் வேகத்தைக் கொண்டே அவசரத்தை உணர்ந்து முழு அழுத்தத்தையும் தானே கொடுத்துவிடும் பிரேக் அசிஸ்ட் 1996-இல் வந்தது. திகைத்து நிற்கும் மனிதனின் காலுக்கு ஒரு யந்திரம் கைகொடுக்கிறது என்பது என்னைப் பொறுத்தவரை அந்த நூற்றாண்டின் மிகக் கருணையான கண்டுபிடிப்புகளில் ஒன்று.

இந்த மின்னணுப் பிரேக் உடனே மதுரைக்கு வந்துவிடவில்லை. மாட்டுச் சந்தை கூடிய மாட்டுத்தாவணியில் 1999-இல் பெரிய பஸ் நிலையம் திறந்தபோதுகூட, ஏபிஎஸ் என்பது இங்கே விலையுயர்ந்த சில கார்களின் அலங்காரமாகவே இருந்தது. 125 சி.சி.-க்கு மேற்பட்ட இருசக்கர வாகனங்களுக்கே அது கட்டாயம் என்று 2018, 2019 ஆண்டுகளில் சட்டம் அமலுக்கு வந்த பின்னரே, நாற்சந்திப் பட்டறைக்கும் அது நித்திய வேலையாயிற்று.

இப்போது, தொடக்கத்தில் சொன்ன அந்த எச்சரிக்கை விளக்கு எரிந்தால் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் செருகினால், இடது பின்சக்கரத்துச் சென்சாரின் சமிக்ஞை கிடைக்கவில்லை என்று திரையில் எழுத்து வரும். அனுபவமில்லாதவர் உடனே சென்சாரை மாற்றுவார். பணமும் செலவாகி, இரண்டு நாளில் விளக்கும் மறுபடி எரியும். ஏனெனில் ஸ்கேனர் சொல்வது குறை தென்பட்ட இடத்தையே அன்றிக் குறையின் காரணத்தை அன்று. பேரிங் ஆட்டங்கண்டிருக்கலாம், பல்வளையத்தில் துரு ஏறியிருக்கலாம், நிறுத்தி வைத்த வண்டியில் எலி ஒயரைக் கடித்திருக்கலாம், சேறும் நீரும் புகுந்து கனெக்டரின் ஊசிகளில் பச்சைக் களிம்பு பூத்திருக்கலாம். தொழில் தெரிந்தவர் பேட்டரியின் வோல்ட்டைப் பார்த்து, பின்பக்கத்து பிரேக் லைட் எரிகிறதா என்று ஒருவரை மிதிக்கச் சொல்லிக் கவனித்து, பியூஸையும் எர்த்தையும் சோதித்த பிறகே சக்கரத்தின் பக்கம் போவார். பெடலை மிதித்த செய்தி அந்த லைட்டின் சுவிட்ச் வழியாகவே மின்னணுப் பெட்டிக்குப் போகிறது. ஊசியில் பூத்த சிறு களிம்பு ஆயிரக்கணக்கான ரூபாய்ப் பெட்டியை ஊமையாக்கிவிடும்.

இந்த இடத்தில் பழைய டெஸ்ட் லாம்பின் பெருமையைச் சொல்லாமல் இருக்க முடியாது. இருபது இழை கொண்ட ஒயரில் பத்தொன்பது அறுந்து ஒன்றே மிஞ்சியிருந்தாலும் மல்டிமீட்டர் பன்னிரண்டு வோல்ட் என்றே காட்டும். அது மின்சாரத்தை உண்பதே இல்லை எனலாம். சற்றுப் பெரிய பல்பைக் கொடுத்தாலோ மங்கிப் போய் உண்மையைச் சொல்லிவிடும். ஆகவே ஏபிஎஸ் பம்ப் மோட்டாருக்குப் போகிற பவர் ஒயரையும் எர்த்தையும் பேட்டரிக்காரரின் பழைய முறையில் பாரம் ஏற்றிச் சோதிப்பதே உத்தமம். அதே பல்பைச் சென்சார் ஒயரில் வைத்தால் கெடுதல் நேரும். அங்கே மீட்டர்தான் தகும், அதுவும் புதுவகைச் சென்சாராக இருந்தால் ஓம் பார்ப்பதையும் தவிர்க்க வேண்டும். எந்த ஒயருக்கு எந்தக் கருவி என்று பிரித்தறியும் இந்த விவேகமே இன்றைய தொழிலாளியின் மூலதனம். கடைசியில் பெட்டியே குற்றவாளி என்று தெரிந்து அதோடு இணைந்த வால்வுத் தொகுதியை மாற்றினால், குழாயில் காற்றை வெளியேற்ற மறுபடி பிரேக் மெக்கானிக்கின் காலும் கண்ணும் வேண்டும்.

இத்தனையும் கற்றவர்களுக்கு வழியடைத்து நிற்பது அறியாமை அன்று. ஒயரிங் வரைபடமும் கம்பெனியின் ஸ்கேனரும் கிடைக்காமை. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம், உதிரிப் பாகங்களும் பழுதறி கருவிகளும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவொட்டாமல் தடுத்ததற்காக 14 கார் உற்பத்தியாளர்கள்மேல் மொத்தம் ஏறக்குறைய 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வழக்குகள் மேல்முறையீடுகளில் நீண்டன. பெரிய கம்பெனியின் சர்வீஸ் நிலையத்துக்குப் போக வசதியில்லாத ஒரு டாக்ஸிக்காரர், எரிகிற விளக்கின்மேல் கறுப்பு டேப்பை ஒட்டிக்கொண்டு மேலூர் சாலையில் சவாரி ஏற்றிப் போகிறாரென்றால், அது அவருடைய அலட்சியம் மாத்திரம் அன்று. வண்டியூர்ப் பட்டறைக்காரருக்கு அந்த வரைபடங்கள் நியாயமான விலையில், தமிழ் விளக்கத்தோடு கிடைக்கச் செய்தால், அந்த டேப்பை உரித்து எறியும் வேலையை அவரே ஒரு பிற்பகலில் முடித்துக் கொடுப்பார்.